சாப்பாட்டுச் சங்கு

என் மாமனாருக்குக் கோபமே வராது. எனக்குக் கோபம் வந்ததெல்லாம் அதனால்தான். கத்துகிற மனிதராக இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை கத்திவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போயிருப்பேன். அவர் கத்தவில்லை. சோற்றுப் பானையைக் கை எட்டுகிற தூரத்தில் வைத்துக்கொண்டு, மூடியைக்கூடத் திறக்காமல், நான் வருகிறவரைக்கும் பட்டினி கிடந்தார்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டிக்கு வெளியே, சவுக்கும் முள்ளுமாகக் கிடந்த இடத்தில் வரிசையாக ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கிற ஆலை. அங்கே நான் பாய்லர் பார்த்தேன். அறுபதுகள் முழுக்கத் திருவள்ளூர் பக்கத்து நெல் மில் ஒன்றில் நெல் அவிக்கிற பாய்லரோடு சேர்ந்து வெந்தவன் நான். ஐம்பது வயதைத் தாண்டியவனைப் புது ஆலை சேர்த்துக்கொண்டதே பெரிய விஷயம் என்றார்கள். இந்த வேலை போனால் இன்னொருவன் என்னைக் கூப்பிட மாட்டான் என்பது எனக்குத் தெரியும். ஆலைக்காரர்களுக்கும் தெரியும்.

மாமனார் பழவேற்காடு ஏரியில் மீன் பிடித்தவர். என் மனைவி அவருக்கு ஒரே பிள்ளை. கண்ணில் பூ விழுந்து, வலை எது தண்ணீர் எது என்று தெரியாமல் போனபோது அவள்தான் போய் அழைத்துக்கொண்டு வந்தாள். பெண் கொடுத்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது அவர்கள் பக்கத்தில் கௌரவக் குறைச்சல். வந்தால் ஒரு வேளை, அதுவும் மாப்பிள்ளை வாய் திறந்து கூப்பிட்டால். அந்தக் கூச்சம் அவருக்குப் போகவே இல்லை. ஆனாலும் அவள் இருந்தவரை, "நைனா, தட்டு வெச்சிட்டேன், வா" என்று குரல் கொடுத்தால் எழுந்து வந்துவிடுவார். மகள் கூப்பிடும்போது கௌரவம் எத்தனை நாள் நிற்கும்?

பிறகு அவள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. வீட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு கிழவர்கள். கருமாதி முடிந்த மறுநாள் அவர் தன் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு, ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னார். அங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்? குடிசை இருந்த இடத்தில் வேறொருவர் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்கேயும் போக வேண்டாம் என்று மூட்டையைப் பிரித்துப் போட்டேன். இரக்கம் என்று சொல்ல மாட்டேன். இவரும் போய்விட்டால் அவள் அந்த வீட்டில் இருந்ததற்கே அடையாளம் இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன்.

பாய்லர்காரன் எல்லோருக்கும் முன்னால் போயாக வேண்டும். காலை ஷிப்டுக்காரர்கள் வரும்போது ஆவி தயாராக இருக்க வேண்டும் என்றால், விடிவதற்கு முன்னால் உமி அள்ளிப் போட்டு நெருப்பை எழுப்ப வேண்டும். கிளம்புவதற்குள் சோறு வடித்து, ஒரு குழம்பு வைத்து, மாமாவைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் உட்கார வைத்து, கழுவிவிட்டு, திரும்பவும் கட்டிலில் கொண்டுவந்து விடுவேன். அந்த நேரத்தில் டீயைத் தவிர அவருக்கு எதுவும் இறங்காது. ராத்திரியும் இரண்டு பிடி போனால் அதிகம். மத்தியானச் சோறுதான் அவருக்குச் சாப்பாடு.

நான் இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால் பானை வைத்தது வைத்தபடி இருக்கும். மூடியைச் சுற்றி எறும்பு ஊரும். முதல் நாள் பசித்திருக்காது என்று விட்டேன். அடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அரக்கப் பரக்கச் சமைத்து வைத்துவிட்டு ஓடுகிறவனுக்கு நீ செய்கிற மரியாதை இதுதானா என்று கேட்டேன். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"பொண்ணு இருந்தவரைக்கும் இது பொண்ணு ஊடு. இப்ப மாப்ள ஊடு. மாப்ள கூப்டாம நானே தொறந்து தின்னா அது இன்னா பொழப்பு?"

அப்படியானால் காலையிலேயே மத்தியானத்துக்கும் சேர்த்துக் கூப்பிட்டுவிட்டுப் போகிறேன், போதுமா என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"பசிக்கிறப்ப கூப்புடறதுதான் மாப்ள கூப்புடறது. முன்னாடியே சொல்லிட்டுப் போறது நாய்க்கு வெச்சிட்டுப் போற மாரி."

வந்த ஆத்திரத்தில் பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினேன். பிறகு அவர் பட்டினியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, எனக்கே வெட்கமாகி, மறுபடியும் உலை வைத்தேன்.

ஆலையில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. என் வயதுக்காரன். தவிட்டில் பெட்ரோல் மாதிரி ஒரு திரவத்தை விட்டு எண்ணெயைப் பிரிக்கிற பக்கத்தில் அவனுக்கு வேலை. அத்திப்பட்டிலிருந்து ரயிலில் வருவான். அவன் அம்மா வாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தாள். இந்த நாற்றத்தில் என்னால் குடித்தனம் செய்ய முடியாது என்று பெண்டாட்டி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கு எந்தக் கை வருமோ அந்தக் கைப் பக்கமாகக் கஞ்சிச் சொம்பை வைத்துவிட்டு அவன் ரயிலேறுவான். பாய்லரை விட்டு ஆள் நகரக் கூடாது என்பது சட்டம். அதனால் மத்தியானத்தில் நான் பாய்லர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவேன். அவனும் தூக்குப்போசியோடு அங்கே வந்துவிடுவான்.

அவனிடம் மாமா கதையைச் சொல்லிப் புலம்பினேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே மேலே காட்டினான்.

"அந்த சங்கு ஒன் கையிலதான கீது? அதுல கூப்புடேன்."

பாய்லரின் தலையில் ஆவியில் ஊதுகிற சங்கு ஒன்று இருந்தது. ஷிப்டு தொடங்க, சாப்பாட்டுக்கு விட, ஷிப்டு முடிய, மூன்றுக்கும் நான்தான் கம்பியை இழுத்து ஊதுவேன். எளாவூர் செக்போஸ்டில் நிற்கிற லாரிக்காரர்களுக்கும் கேட்கும் என்பார்கள். என் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்தான். காற்று எப்படி அடித்தாலும் சத்தம் வந்துவிடும்.

அன்று வீட்டுக்குப் போனதும் மாமாவிடம் சொன்னேன். மத்தியானத்தில் நீளமாக ஊதுவது ஊருக்கு. அது முடிந்ததும் குட்டையாக இன்னொன்று ஊதினால் அது உனக்கு மட்டும். நான் அங்கிருந்து உன்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறேன் என்று அர்த்தம். ஊதுவது நீயா, வேறு ஆளா என்று கேட்டார். நான்தான் என்றேன். "அப்ப சரி" என்றார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துச் சங்கை ஊதி முடித்து, கம்பியை விட்டு, மறுபடி ஒரு வெட்டு வெட்டி இழுத்தேன். கூட்டாளி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாலையில் சைக்கிளை வேகமாக மிதித்துப் போய்ப் பார்த்தேன். பானை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கண் தெரியாத மனிதர் தடவித் தடவிக் கழுவியிருக்கிறார். நான் அடுப்புப் பக்கமாகப் போய் உட்கார்ந்து அழுதேன். அவள் செத்தபோது அழாமல் விட்டதெல்லாம் அன்றைக்கு வந்தது.

இரண்டு வருஷம் போல அப்படி ஓடியது. மாமா என்னைக் கேலி செய்யவும் ஆரம்பித்தார். குட்டைச் சங்கு கொஞ்சம் கம்மலாக ஒலித்தால், மாப்பிள்ளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டதா, மிளகு போட்டுக் குடி என்பார். சற்று நேரமாகி ஊதினால், மாப்பிள்ளைக்கு இப்போதெல்லாம் நம் ஞாபகமே வருவதில்லை என்பார். இரண்டாவது சத்தம் எதற்கு என்று சூப்பர்வைசர் கேட்டபோது, குழாயில் ஆவி தங்கிவிடுகிறது, வெளியேற்றாவிட்டால் கெடுதல் என்று ஒரு பெரிய பொய்யை அவிழ்த்துவிட்டேன். அவர் நம்பினார். பாய்லர்காரன் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

நன்றாக இருந்தோம் என்று சொல்லிவிட முடியாது. அவர் படுக்கையிலேயே போக ஆரம்பித்திருந்தார். விடிவதற்குள் துணி அலசி, அவரைத் துடைத்து, அடுப்பு மூட்டி, பிறகு அங்கே போய் இன்னொரு அடுப்பின் முன்னால் நின்றேன். என் முட்டி இரண்டும் வீங்கின. அவருக்கு மூச்சிரைப்பு கண்டபோது ஆலை மூலமாக ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று லேபர் ஆபீசரிடம் போய் நின்றேன். பெற்றவர்கள் என்றால் பார்க்கலாம், மாமனார் குடும்பத்தில் சேர்த்தியில்லை என்றார். மனைவியே இல்லாதபோது அவர் யார் உங்களுக்கு என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். சில நாள் உமியை அள்ளும்போது, இந்தக் கிழவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்று தோன்றும். தோன்றிய கையோடு சங்குக் கம்பியைப் பார்ப்பேன்.

அப்புறம் ஆலைக்குப் புதிதாகப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்தார். எங்கள் மாதிரி எண்ணெய் ஆலையில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். அவர் சொன்னதெல்லாம் நியாயம். ஆவிச் சங்கை எடுத்துவிட்டு கேட்டுக்குப் பக்கத்தில் கரண்ட்டில் ஊதுகிற சங்கு வைத்தார்கள். சுவிட்சு வாட்ச்மேன் அறையில். நீளமாக ஒன்று ஊதினால் வேலை நேரம். நீளமாக ஒன்று, பின்னாலேயே குட்டையாக ஒன்று ஊதினால் தீ, எல்லாரும் வெளியே ஓட வேண்டும். இத்தனை நாள் நான் ஊதியதும் அதே மாதிரிதானே என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஆள் விட்டு என் கம்பியை வெட்டினார்.

கம்பி போனதை வீட்டில் போய் எடுத்துச் சொன்னேன். இனிமேல் நீளமாக ஊதுவதையே நான் கூப்பிடுவதாக வைத்துக்கொள் என்றேன்.

"அது ஊருக்கு ஊதறது. அதுவும் எவனோ ஊதறான்."

அதோடு சுற்றிலும் புது ஆலைகள் வந்துவிட்டன. மத்தியானமானால் ஆளாளுக்கு ஒரு சங்கு ஊதினார்கள். எது எங்களுடையது என்று எனக்கே சில நாள் தெரியாது. கரண்ட் இல்லாத நாளில் எதுவும் ஊதாது, வாட்ச்மேன் தண்டவாளத் துண்டைத் தட்டுவார். மறுபடியும் பானை திறக்காமல் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மாவிடம், மத்தியானத்தில் நான் சொன்னதாகச் சொல்லிக் கூப்பிடும்படி கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அந்த அம்மாவும் போய்க் கூப்பிட்டிருக்கிறது. உன் வீட்டுச் சோறாம்மா இது, நீ எதற்குக் கூப்பிடுகிறாய் என்று மரியாதையாகவே கேட்டு அனுப்பிவிட்டார்.

மத்தியானத்தில் நானே சைக்கிளில் போய்க் கூப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தேன். கூட்டாளி தன் சாப்பாட்டை விட்டுவிட்டு எனக்காகப் பாய்லர் பக்கத்தில் நின்றான். ஆந்திரா பக்கம் போகிற கூட்ஸ் வண்டிக்காக ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டால் அவ்வளவுதான், அந்தப் பக்கம் என் வீட்டுக் கூரை தெரியும், போக முடியாது. ஒரு நாள் திரும்பி வரும்போது கேட்டு போட்டிருந்தது. பாய்லர் முன்னால் வேறு ஆள் நிற்பதை அதிகாரி பார்த்துவிட்டார். இன்னொரு தடவை நடந்தால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை என்றார். கூட்டாளி தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு தன் பக்கம் போனான். அவன் வேலை போனால் அத்திப்பட்டில் கஞ்சிச் சொம்பு காலியாகக் கிடக்கும். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

மாமா கரைந்துகொண்டே போனார். துடைத்துவிடும்போது விலா எலும்பெல்லாம் என் கையில் தட்டுப்பட்டன. ஒரு நாள் அவர் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன், என்னைக் கொலைகாரன் ஆக்கத்தான் பார்க்கிறாயா என்று. அவர் முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார்.

"கூப்புட மனசு இல்லன்னா சொல்லிடு மாப்ள. சங்கு மேல பழி போடாத."

அதைக் கேட்டு எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும். என்னிடம் இல்லை.

பங்குனி வெயிலில் ஒரு நாள், சாப்பாட்டுக்கு விட இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. எண்ணெய் பிரிக்கிற பக்கத்திலிருந்து முதலில் ஒரு சத்தம் வந்தது. கனமான கதவைச் சாத்தின மாதிரிதான் இருந்தது. அடுத்த நிமிஷம் கூரைத் தகடுகள் மேலே போயின. பொறி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வாட்ச்மேன் சுவிட்சில் கையை வைத்து, நீளமாக, குட்டையாக, நீளமாக, குட்டையாக, விடாமல் ஊதினார். எல்லோரும் கேட்டைப் பார்த்து ஓடினார்கள். நான் ஓட முடியாது. உமியை வெளியே இழுத்துக் கொட்டி, ஆவியைத் திறந்துவிட்டு, பாய்லரை அடக்கிவிட்டுத்தான் நகர வேண்டும். அதையெல்லாம் செய்துவிட்டு வெளியே வந்தபோது, ஈரச் சாக்கில் சுற்றி ஆட்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருவன் என் கூட்டாளி.

லாரியில் ஏற்றி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஏறிக்கொண்டேன். அவன் தண்ணீர் கேட்டான். கொடுக்கக் கூடாது என்றார்கள். அம்மா என்று இரண்டு தடவை சொன்னான். வலியில் எல்லோரும் சொல்வதுதான், ஆனால் அவன் தன் அம்மாவைத்தான் சொன்னான் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிட்டான். அவனுக்காகவும் நான் ஒன்றும் செய்யவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அத்திப்பட்டுக்கு யார் போய்ச் சொல்வது என்று ஆளுக்கு ஒன்றாகப் பேசி, கடைசியில் காலையில் போகலாம் என்று முடித்தார்கள். அந்த லாரியிலேயே திரும்பினேன். நான் வீட்டுப் பக்கம் வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அவன் தினமும் வீட்டுக்குத் திரும்புகிற ரயில், கேட்டைத் தாண்டிப் போயிற்று. அவன் அம்மா அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

வீட்டுக்குள் விளக்கு இல்லை. மாமாவுக்கு அது தேவையில்லை. அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் நிறையச் சிரிப்பு. கட்டிலுக்குக் கீழே பானை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"ஒரு வாட்டி கூப்ட்டா வர மாட்டனா மாப்ள? வுடாம கூப்ட்டுக்கினே இருந்தியே. எனக்கே வெக்கமாப் பூடுச்சி."

சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவர் காற்றை முகர்ந்து பார்த்தார். உமி இன்றைக்கு ஈரமா, உன்மேல் ஒரே புகை நாற்றம் அடிக்கிறதே என்று கேட்டார். ஆமாம் என்றேன். எத்தனை நாளாகக் காத்திருந்தேன் தெரியுமா, நீ எப்படியோ பேசி அந்தச் சங்கைத் திரும்ப வாங்கிவிட்டாய் என்று அவராகவே சொல்லிக்கொண்டு போனார். வயிறு நிறைந்த குரல். அவள் இருந்தபோது அவரிடம் கேட்ட குரல். நான் இருட்டில் உட்கார்ந்து என் கைகளை முகர்ந்துகொண்டிருந்தேன். அத்திப்பட்டில் இந்நேரம் சொம்பு காலியாகியிருக்கும்.

அவர் கையை நீட்டித் துழாவி என் தலையைத் தொட்டார்.

"நாளைக்கும் இதே மாரி கூப்புடு, மாப்ள."

"சரி மாமா" என்றேன்.